பழைய வண்டியும் புதிய குளிர்ச்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் தீராத வழக்கு ஒன்று உண்டு. தில்லிக்கு உத்தியோகம் பார்க்க வந்த தந்தையாரோ பாட்டனாரோ, பல்லாண்டு சேமித்து, பதிவு செய்து காத்திருந்து வாங்கிய அம்பாசிடர் ஒன்றோ, பியட் ஒன்றோ, சென்னையை அடுத்து உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றோ வீட்டு வாயிலில் நிற்கிறது. அதை விற்க மனம் வரவில்லை. கோடையில் அதில் ஏற உடல் இடம் தரவில்லை. "ஏ.சி. வைத்துவிட்டால் என்ன?" என்கிறார்கள் பிள்ளைகள். "அப்பா வைத்திருந்தபடியே இருக்கட்டும், ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது" என்கிறார்கள் பெரியவர்கள். இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் எடை போட்டுப் பார்ப்பதே இன்று நம் நோக்கம்.

தில்லிக் கோடையை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1944 மே 29 அன்று 47.2 டிகிரி பதிவாயிற்று. நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில் மாலைக் கடற்காற்று என்ற ஆறுதல் உண்டு. இங்கோ 'லூ' என்னும் அனற்காற்று மாலையிலும் முகத்தைச் சுடும். அதனால்தான் இவ்வூரார் வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தார்கள். பின்னர் டெசர்ட் கூலரை நாடினார்கள். உலர்ந்த காற்று ஈரத்தின் ஊடே வரும்போது நீர் ஆவியாகிறது. ஆவியாகும் நீர் வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. வைகாசியில் இவ்வித்தை பலிக்கும். ஆடி மழை தொடங்கியதும் காற்றே நனைந்திருக்கும். அப்போது கூலர் புழுக்கத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. அமெரிக்கப் பாலைநிலங்களில் ஒரு காலத்தில் மோட்டார் வண்டியின் சன்னலில் தொங்கவிட்ட நீர்க் குளிர்ப்பான்களும் இதே தத்துவத்தில் இயங்கியவையே.

உண்மையான குளிர்சாதனத்தை மோட்டார் வண்டியில் முதலில் வைத்து விற்றது அமெரிக்கப் பேக்கார்டு நிறுவனம். 1939-இல் அதை அறிமுகப்படுத்தியது. குளிர்ச்சி தரும் பகுதி பின்னிருக்கைக்குப் பின்னால் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டது. அதை நிறுத்த விசை கிடையாது. எஞ்சினை அணைத்து இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! குளிர், வெப்பம், காற்றோட்டம் மூன்றையும் வண்டியின் முன்புறத்திலேயே அடக்கியது 1954-ஆம் ஆண்டு நாஷ் நிறுவனத்தின் வண்டி. அதன் பெயரும் அம்பாசிடர்தான். நம் அம்பாசிடருக்கும் அதற்கும் பெயரொற்றுமையன்றி வேறு உறவில்லை. நம்முடையது ஆங்கில மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழித்தோன்றல். 1957-இல் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் பிறந்து, 2014-இல் உற்பத்தி நின்றது. அது பிறந்த நாளில் அதன் குளிர்சாதனமெல்லாம் முன்கதவில் திருப்பி வைக்கும் முக்கோணக் கண்ணாடி ஒன்றே.

இனி, அப்படிப்பட்ட வண்டியில் ஏ.சி. வைப்பதென்றால் என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம். பணிமனை வழக்கில் உள்ள பெயர்களாலேயே சொல்லுகிறோம். எஞ்சினின் சுழற்சியைப் பெல்ட் வழியே பெற்று வாயுவை அழுத்துவது கம்ப்ரசர். அழுத்தத்தால் சூடேறிய வாயுவை ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஆற்றித் திரவமாக்குவது கண்டென்சர். அத்திரவம் ஒரு சிறு துளை வழியே விரிந்து, டேஷ்போர்டின் அடியிலுள்ள கூலிங் காயிலில் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தைக் கவர்கிறது. காற்றிலுள்ள ஈரமும் அக்காயிலின் மேல் நீராகப் படிந்து குழாய் வழியே வெளியேறுகிறது. ஆடி மாதத்திலும் ஏ.சி. பயன்படுவதன் காரணம் இதுவே.

பெட்டியைப் பொருத்துவது எளிது. பழைய வண்டி அதைத் தாங்குவதே அரிது. தாங்க வேண்டியவை மூன்று.

முதலாவது, எஞ்சினின் வலிமை. அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தருவது. ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சின் அதனினும் சிறிது. கம்ப்ரசர் அதிலிருந்து சில குதிரைத்திறனைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். முற்காலத்துக் கனத்த கம்ப்ரசர்கள் இவ்வண்டிகளுக்குப் பொருந்தா. இக்காலத்து அலுமினிய கம்ப்ரசர்களில் ஏழு கிலோ எடைக்கு மேற்படாதவை பல உண்டு. சிறு வண்டிக்குச் சிறியதையே தேர்வதே அறிவுடைமை. சிக்னலில் நிற்கையில் எஞ்சின் அணைந்துபோகாதிருக்க, ஏ.சி. ஓடும்போது மட்டும் எஞ்சினின் நிலை வேகத்தைச் சற்று உயர்த்தும் சிறு கருவியும் வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அக்கால வண்டிகளில் இருந்தது டைனமோ. முழு வேகத்தில் ஓடும்போது அது தருவது சுமார் 22 ஆம்பியர். நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏ.சி.யின் காற்றூதிக்கு 10, கண்டென்சர் மின்விசிறிக்கு 10, கம்ப்ரசரின் காந்தப் பற்றிக்கு 4, முகப்பு விளக்குகளுக்கு 8 எனக் கணக்கிட்டால் 32 ஆம்பியர் ஆகிறது. வரவு இருபத்திரண்டு, செலவு முப்பத்திரண்டு என்றால் அக்குடும்பம் எத்தனை நாள் நடக்கும்? மாலை நெரிசலில் பாட்டரி உயிர் விட்டுவிடும். ஆகவே டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் வைத்தல் இன்றியமையாதது. பழைய ஆங்கில அமைப்புகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆல்டர்னேட்டருக்கோ பெரும்பாலும் எதிர்முனை இணைப்பு வேண்டும். இதைப் பாராமல் இணைத்தால் புதுக் கருவி அன்றே கருகும். பழைய டைனமோவின் தோற்றத்திலேயே செய்யப்பட்ட ஆல்டர்னேட்டர்களும் உண்டு என்பது மரபு விரும்புவோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

மூன்றாவது, வெப்பம். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் நின்றால், ஏற்கெனவே சூடான காற்றே ரேடியேட்டரை அடையும். கோடையில் ஏ.சி. இல்லாமலே கொதிக்கும் வண்டியில் ஏ.சி. வைப்பது, காய்ச்சல்காரனின் தலையில் சுமையேற்றுவதற்கு ஒப்பாகும். முதலில் ரேடியேட்டரைத் துப்புரவு செய்க. வேண்டுமாயின் அகலமான உள்ளமைப்பு இடுக. நீர்ப் பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் சரிபார்க்க. பின்னர்க் கதவு ரப்பர்களைப் புதுப்பித்து, கால்விரிப்பின் அடியிலும் கூரைத் துணியின் மேலும் வெப்பந்தாங்கி விரிப்பை இடுக. இவ்வேலைகளால் மட்டுமே உள்வெப்பம் குறைவதைக் கண்டு, "ஏ.சி.யே வேண்டாம்" என்று முடிவு செய்தாரும் உளர்.

வாயுவைப் பற்றியும் ஒரு சொல். முற்காலத்தில் வண்டிகளில் நிரப்பியது ஆர்-12. அது வானத்து ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று கண்டு, 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை எழுந்தது. 2010 தொடக்கத்தோடு நம் நாடும் அதைக் கைவிட்டது. அதனிடத்தில் வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அதன் ஒரு கிலோ காற்றில் கலந்தால், புவியைச் சூடாக்குவதில் அது நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகிறது. எனவே கசியாத குழாயும் முறையான இணைப்பும் ஆடம்பரமல்ல, கடமை. எப்போதோ ஆர்-12 நிரப்பிய பழைய அமைப்பு வண்டியில் இருக்குமாயின், அதன் எண்ணெய் வேறு, குழாய் வேறு. அதன்மேல் புது வாயுவை அப்படியே நிரப்பலாகாது. மலிவென்று எண்ணி அடுப்பெரிவாயுவை நிரப்பும் துணிச்சல்காரர்களிடம் வண்டியை ஒருபோதும் ஒப்படைக்கலாகாது. அது உயிரோடு விளையாடுவதாகும்.

இனிச் சட்டம். தில்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அதன் பின்னரும் வழக்கும் திருத்தமும் தொடர்ந்தமையால், அவ்வப்போதைய நிலையைப் போக்குவரத்துத் துறையில் கேட்டறிந்தே எதையும் செய்தல் வேண்டும். மற்றொரு பக்கம், 2021 ஜூலையில் மத்திய அரசு தொன்மை வண்டிகளுக்கென விதிகள் வகுத்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்குத் தனிப்பதிவு, எண்பலகையில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள். பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் எரிபொருள் நிரப்பவும் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டலாகாது. அதைவிட முக்கியமான நிபந்தனை ஒன்றுண்டு. வண்டி மூல வடிவில் இருத்தல் வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருத்தல் ஆகாது.

இங்கேதான் நம் வழக்கின் மையம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த அன்பர் இருவர் செய்ததைச் சொல்லுகிறோம். ஒருவர் தம் தந்தையாரின் அம்பாசிடரை ஒரு பணிமனையில் விட்டார். அங்கே காற்றுத் துவாரங்களுக்காக டேஷ்போர்டின் இரும்புத் தகட்டை அறுத்தார்கள். கண்டென்சருக்கு இடம் தேடி முன்புறத் தாங்கியையும் வெட்டினார்கள். குளிர்ச்சி வந்தது, தந்தையார் ஐம்பது ஆண்டு துடைத்து வைத்திருந்த முகப்பு போயிற்று. மற்றவர் ஓய்வு பெற்றுத் தஞ்சைப் பக்கம் திரும்ப இருந்தவர். தடையின்மைச் சான்று பெற்று வண்டியையும் உடன் கொண்டுபோக எண்ணியவர். அவர் கூலிங் பெட்டியை டேஷ்போர்டின் அடியில் தொங்கவிடச் செய்தார். கம்ப்ரசர் தாங்கியை எஞ்சினில் ஏற்கெனவே உள்ள மரைத்துளைகளிலேயே முடுக்கச் செய்தார். கழற்றிய டைனமோவையும் ரேடியேட்டரையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்து, செய்த வேலையை ஒரு குறிப்பேட்டில் நாள்வாரியாக எழுதினார். நாளை அவர் பேரன் விரும்பினால், ஒரே நாளில் யாவற்றையும் கழற்றி வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

உலகத் தொன்மை வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு ஏற்றுள்ள டுரின் சாசனம் கூறும் நெறியும் இதுவே: மாற்றம் அடக்கமாக இருக்கட்டும், மீட்கத்தக்கதாக இருக்கட்டும், கழற்றிய மூல உறுப்புகள் வண்டியோடு இருக்கட்டும். இவ்வாறு பொருத்திய ஏ.சி.யைப் பதிவு அதிகாரி எவ்வாறு கருதுவார் என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் நலம். உடற்கூட்டை அறுத்தவர்க்கோ கேட்பதற்கும் வாயில்லாமற் போகும்.

ஆதலால், வேலை தொடங்குமுன் ஒரு கேள்வியை வீட்டார் அனைவரும் கூடிக் கேட்டுக்கொள்ள வேண்டும்: "இவ்வண்டி இனி எதற்காக ஓடப்போகிறது?" 1964 முதல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்திப் புகழ்பெற்ற அணிவகுப்பைப் போன்றவற்றுக்காக ஆண்டுக்கொரு முறை குளிர்காலத்தில் மட்டும் வெளிவருவதாயின், ஏ.சி. எதற்கு? முக்கோணக் கண்ணாடியே போதும். ஊருக்குப் போய், எண்பது வயதுத் தாயாரைக் கோயிலுக்கும் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லப் போவதாயின், தாராளமாக வைக்கலாம். வாழும் முதியவளை வாட்டிவிட்டு, மறைந்தவரின் நினைவைக் காப்பது பக்தியாகாது. வைக்கும் முறையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கஷ்மீரி கேட்டில் உதிரிப் பாகமும், நம்மவர்க்குப் பழகிய கரோல் பாக்கில் வேலைக்காரரும் கிடைப்பார்கள், "அறுக்காமல் செய்ய முடியுமா?" என்று முதலில் கேளுங்கள். "அறுத்தால்தான் ஆகும்" என்பவரை வணங்கிவிட்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.

நம் தாய்மார்கள் இந்நகருக்கு வந்த முதல் மார்கழியில் புடைவையின் மேல் கம்பளிச் சட்டை அணிந்தார்கள். குளிருக்காகப் புடைவையை வெட்டித் தைக்கவில்லை. பங்குனியில் கம்பளி பெட்டிக்குள் போயிற்று. புடைவை புடைவையாகவே இருந்தது. பழைய வண்டிக்கும் அந்த நெறியே போதும் என்பது நம் துணிபு. காலத்துக்கு வேண்டியதைச் சேர்ப்போம். வந்த வழியை அழிக்காமல் சேர்ப்போம்.