ஒழுக்கமும் தடுப்பூசியும்



கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் உடலுறவின் வழிப் பரவுவது. அதற்கான தடுப்பூசிக்கு அமெரிக்கா 2006இல் ஒப்புதல் அளித்தது. மறு ஆண்டே, ஆறாம் வகுப்பிற் சேரும் சிறுமியர்க்கு அதனைக் கட்டாயமாக்கி டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெரி ஆணையிட்டார். அவரும் சமயப்பற்று மிக்க பழமைவாதியே. ஆயினும் அவ்வணியினரே பெரிதும் எதிர்த்தனர்; சட்டமன்றம் ஆணையைச் செல்லாததாக்கியது.

முடிவு பெற்றோர்க்கு உரியது என்றனர் சிலர்; அது மதிக்கத்தக்க வாதம். நோயச்சம் நீங்கின் ஒழுக்கம் குலையும் என்றனர் வேறு சிலர். இதனை நாம் ஏற்கலாமா?

அணுவிரதம் பூண்ட சாவகர் பிறன்மனை விழையாமை நோய்க்கு அஞ்சியன்று, தீவினைக்கு அஞ்சியே. நோய் காவல் நின்றால்தான் நிலைக்கும் எனின், அஃது ஒழுக்கமன்று. மேலும், நெறி வழுவாத மகளுக்கும் கணவன் வழியே இக்கிருமி வரக்கூடும். கிருமி தீண்டுமுன் இட்டால்தான் ஊசி முழுப்பயன் தரும். 9 முதல் 14 வயதே ஏற்ற பருவம்.

நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தையும் வைத்தது நம் அறம். பிறர்க்கு ஈயும் மருந்தை நம் மகளுக்கு மறுக்கலாமா? மருத்துவரை வினவுங்கள், அறிந்து முடிவெடுங்கள். விரதத்தையும் கற்பிப்போம், உயிரையும் காப்போம்.