கான்ஹாவில் கண்டதும் காணாததும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற குளிர்காலத்தில், ஜபல்பூரில் வாழும் நம் சங்கக் குடும்பங்கள் ஆறு, கான்ஹா தேசியப் பூங்காவுக்குச் சென்று வந்தன. அதனைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் விலங்கியல் கற்றவன் அல்லன். கண்டதையும் கேட்டதையும் சொல்லவல்லேன், அவ்வளவே.

மண்டலா, பாலாகாட் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இக்காடு 1955ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 1973இல் புலிகள் காப்பகமாயிற்று. உட்பகுதி மட்டுமே 940 சதுர கிலோமீட்டர். எங்கும் சால மரங்கள். இடையிடையே பெரும் புல்வெளிகள்.

விடியுமுன் கம்பளி போர்த்திக்கொண்டு ஜீப்பில் புறப்பட்டோம். குழந்தைகள் அனைவருக்கும் ஒரே எண்ணம்: புலி! சிறிது தொலைவு சென்றதும் வழிகாட்டி கையை உயர்த்தினார், வண்டி நின்றது. எங்கோ ஒரு புள்ளிமான் கூவிற்று. மரத்தின் மேலிருந்த மந்தி இருமுவதுபோல் குரல் கொடுத்தது. உயரத்திலிருந்து மந்தி பார்க்கும். தரையில் நின்று மான் மோப்பம் பிடிக்கும். ஒன்றின் எச்சரிக்கை மற்றொன்றைக் காக்கும் என்று அவர் மெல்லிய குரலில் விளக்கினார். காட்டைக் காதால் அறிய வேண்டும் என்பது அப்போது விளங்கிற்று. இதே பூங்காவில் சிரவண தால் என்றொரு குளம் உண்டு. குடத்தில் நீர் நிறையும் ஓசையை யானையின் ஓசையென்று எண்ணித் தசரதன் அம்பெய்தது அங்கேதான் என்பர் இப்பகுதி மக்கள். தவறாகக் கேட்ட ஓர் ஓசை எத்துணைத் துயரை விளைத்தது!

அரைமணி நேரம் காத்திருந்தோம். புலி வரவில்லை. என் இளைய மகன் அழத் தொடங்கிவிட்டான். “இவ்வளவு செலவு செய்து வந்தது வீணாயிற்றே” என்று பெரியவர்களும் முணுமுணுத்தனர்.

பிறகு வழிகாட்டி எங்களைச் சோன்ப் என்னும் புல்வெளிக்கு அழைத்துச் சென்றார். பனி விலகும் வேளையில், பொன்னிறப் புல்லினிடையே கிளைத்த கொம்புகள் தெரிந்தன. அவைதாம் பாராசிங்கா மான்கள். ‘பன்னிரு கொம்பு’ என்பது பெயரின் பொருள். இவ்வினத்தின் பிற பிரிவுகள் சதுப்பு நிலத்தில் வாழ்வன. இங்குள்ளவை கெட்டித் தரையில் வாழப் பழகியவை. புல்லே இவற்றின் உணவு. குட்டிகளை மறைக்கும் தொட்டிலும் உயர்ந்த புல்லே. வேட்டையாலும் மேய்ச்சல் நிலம் குறைந்ததாலும் 1970இல் இவற்றுள் 66 மட்டுமே எஞ்சின. பின்னர் வேலியிட்டுக் குட்டிகளைக் காத்தனர்; புல்வெளிகளைப் பேணினர். இன்று அவை பல நூறாகப் பெருகியுள்ளன. 2015 முதல் சாத்புரா காட்டிலும் சிலவற்றைக் கொண்டுபோய் விட்டுள்ளனர்.

நாங்கள் வியந்து நிற்கையில், வழிகாட்டி புல்வெளியின் ஓரத்தைச் சுட்டிக்காட்டி, “அங்கேதான் என் பாட்டனார் வீடு இருந்தது” என்றார். சோன்ப் ஒரு காலத்தில் ஊர். ஊரார் பெயர்க்கப்பட்டனர், உழுத நிலம் புல்லாயிற்று, புல்லை நாடி மான் வந்தது. “வருத்தமில்லையா, அண்ணா?” என்று வினவினேன். “பாட்டனார் இறுதிவரை வருந்தினார். நானோ இந்த மான்களைக் காட்டிப் பிழைக்கிறேன்” என்றார்.

அன்பர்களே! நாமும் ஊரை விட்டு வந்தவர்களே. ஆயினும் நாம் வேலை தேடி விரும்பி வந்தோம். திரும்பிப் போனால் தெருவும் கோயிலும் அங்கேயே இருக்கும். அவர் பாட்டனாருக்கு அந்த ஆறுதலும் இல்லை. அந்த மான் கூட்டத்தின் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் அவர்கள். காட்டைக் காத்த பெருமையைப் பேசும்போது அவர்களையும் நினைத்தல் நம் கடன்.

அடுத்த முறை செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் பூங்கா மூடப்பட்டிருக்கும், அறிந்து செல்லுங்கள். உள்ளே பாட்டும் கூச்சலும் வேண்டா. புலியைக் கண்டால் மகிழுங்கள். காணாவிடினும் வழிகாட்டியிடம் அவருடைய ஊரைப் பற்றிக் கேளுங்கள்.

என் மகன் இப்போது புலி வரைவதில்லை. கொம்புகளை எண்ணி எண்ணி மான் வரைகிறான்.