வீடு மாறாமலே மாநகரம் வந்தோம்



2021 நவம்பர் 3-ஆம் தேதி, வீடு மாறாமலே நாமெல்லாம் மாநகரவாசிகள் ஆனோம். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சி. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சி. பத்தையும் சேர்த்து ஒரு மாநகராட்சி, 70 வார்டு. சேர்த்தது தப்பென்று சொல்ல நான் வரவில்லை. என் கேள்வி வேறு. அன்று அந்தப் பத்து ஊரிலும், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலர் எத்தனை பேர் இருந்தார்கள்?

ஒருவர்கூட இல்லை ஐயா! 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். அதுவரை தனி அலுவலர்தான் ஊருக்கு எல்லாம்.

ஐந்தாண்டுக்குள் தேர்தல் நடத்தியே ஆகவேண்டும் என்பது 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம். ‘ஆகவேண்டும்’ என்றதற்கே இந்த மரியாதை. அதிகாரம் கொடுக்கும் இடத்தில் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளை வரிசையாக எழுதி, மாநிலச் சட்டமன்றம் ‘வழங்கலாம்’ என்கிறது. வழங்கலாம். வழங்காமலும் இருக்கலாம்!

அதிகாரம் கேட்பது நமக்குப் புதிதல்ல. அண்ணா மாநில சுயாட்சி கேட்டார். 1969-இல் கலைஞர் அரசு, மத்திய - மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்தது. டெல்லியிடம் நாம் கேட்டது நியாயம், இன்றும் நியாயம். அதே நியாயத்தைத் தாம்பரம், கோட்டையில் இருக்கும் மாநில அரசிடம் கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? மேயர் நம்மவர், ஆணையரை அனுப்புவது அரசு. தெருவிளக்கு மாநகராட்சிக்கு, அது தொங்கும் கம்பம் மின்வாரியத்துக்கு. சிட்லபாக்கம் ஏரி நீர்வளத்துறைக்கு.

ஏரி என்றதும் உத்தரமேரூர் வந்துவிடுகிறது. அதைத் தொடாமல் இறங்கினால் மேடை கோபித்துக்கொள்ளும். பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. ஆயிரத்து நூறு ஆண்டு ஆகிவிட்டது. எல்லோரும் அதிலுள்ள குடவோலைத் தேர்தல் முறையைப் பாராட்டுவார்கள். சொந்த நிலமும் வேத அறிவும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான குடவோலை அது. அதில் எனக்குப் பெருமையில்லை. ஆனால் அங்கே ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது. ஊர் ஏரியை ஊர்ச்சபையின் வாரியமே பார்த்துக்கொண்டது.

இன்று நமக்கும் சபை உண்டு. 2022-இல் விதி வந்திருக்கிறது: வார்டுக்கு வார்டு குழு, அதற்குக் கீழே பகுதி சபை. வாக்காளர் எல்லோரும் அதில் உறுப்பினர். உங்கள் பகுதி சபை கடைசியாக எங்கே கூடியது என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம்.

பின்வரிசையில் இரண்டு கை. அம்மா, நீங்கள் மேடைக்கு வாருங்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.