கவிழ்ந்த தோணியும் உயிர்காப்பு அங்கியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



களப்புக் கரையில் வளர்ந்தவனுக்கு உயிர்காப்பு அங்கி எதற்கு என்று கற்பிட்டியில் யாரும் கேட்பர். அப்பர் சுவாமிகளைக் கல்லோடு பிணித்துக் கடலில் இட்டபோது அக்கல்லே தெப்பமாயிற்று. நம்மனோர்க்குப் பலகையாவது வேண்டும். பாதிரிமார் பாடசாலையில் நாம் படித்த பவுலின் கதையிலும், நீந்தத் தெரியாதோர் உடைந்த கப்பலின் பலகைகளைப் பற்றியே கரை சேர்ந்தனர். ஆயின் பலகையைப் பிடித்தவனுக்குக் கை இரண்டும் அதிலேயே போயின. அங்கியை அணிந்தவனுக்கோ கை இரண்டும் மிச்சம். நாம் சொல்ல வந்தது இதுவே.

கயாக் என்பது இருபுறமும் அலகுள்ள துடுப்பினால் வலிக்கும் ஒடுங்கிய சிறுதோணி. உல்லாசப் பயணிகளோடு அது நமது களப்புக்கும் வந்துவிட்டது. களப்பு பெரும்பாலும் ஆழங் குறைந்ததே. எனினும் வைகாசிக்குப் பின் சோளகம் எழுந்தால், கவிழ்ந்த தோணியைக் காற்று இழுத்துச் செல்லும் வேகத்துக்கு நீந்தி ஈடுகொடுப்பது அரிது. ஆகவே முதல் வேலை தோணியையும் துடுப்பையும் விடாது பற்றுவது. அடுத்தது, தோணியின் அடிப்புறத்துக்கு மேலாகக் கையை நீட்டி, அப்பால் விளிம்பைப் பிடித்து இழுத்து நிமிர்த்துவது. பின்பு நடுப்பாகத்தில் நின்று, கால்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தி உதைத்து, வயிற்றால் ஏறிக் குறுக்கே கிடந்து, திரும்பி அமர்வது. இவை யாவும் இரு கைகளின் வேலை. அங்கியில்லாதவன் தலையை நீருக்கு மேல் வைக்கவே அக்கைகளைச் செலவிடுவான். இரண்டு முறை ஏறித் தவறினால் மூச்சு வாங்கும், மூன்றாம் முறைக்குப் பலம் இராது. அங்கியுள்ளவனோ சற்று இளைப்பாறி மீண்டும் முயல்வான். ஏற இயலாதபோது, தோழன் அவனது அங்கியின் தோள்வாரைப் பிடித்துத் தூக்கலாம். வழுக்கும் கையைப் பிடித்துத் தூக்குவதிலும் இது மிக எளிது.

தோணிக்காரர் அணியும் அங்கி சுமார் 50 நியூட்டன், அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோ எடையைத் தாங்கும் மிதப்புடையது. உடலின் பெரும்பாரத்தை நீரே தாங்குவதால் இது போதும். முன்புறம் மிகப் பருத்த அங்கி ஏறுவதற்கு இடையூறு. ஆயினும் ஒன்று: நினைவிழந்தவனை முகம் மேலாகத் திருப்ப இவ்வகை அங்கியால் இயலாது. அதற்கு 150 நியூட்டன் போன்ற பெரிய அங்கி வேண்டும். எனவே தனியே போகலாகாது.

அங்கி இருந்தாலும் போதாது என்பதற்கு இங்கிலாந்தின் லைம் விரிகுடாவே சாட்சி. 1993 மார்ச் 22ஆம் திகதி மாணவர் எண்மர், ஓர் ஆசிரியரோடும் இரு பயிற்றுநரோடும் கயாக்குகளில் சென்றனர். காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளியது. அணிந்திருந்த அங்கிகளில் காற்று ஊதப்படவில்லை. குளிர்நீரில் நெடுநேரம் கிடந்து மாணவர் நால்வர் மாண்டனர். இதன் பின்னரே 1995இல் அந்நாட்டில் இத்தகைய பயிற்சி நிலையங்களுக்கெனச் சட்டம் பிறந்தது.

நமது களப்பில் அத்தகைய குளிரில்லை, அசட்டை உண்டு. அங்கியைச் சுருட்டித் தோணியின் அடியில் போட்டுவிட்டுப் போகும் வாலிபரை நாம் அடிக்கடி காண்கிறோம். கவிழ்ந்தபின் அது ஒருபுறம் மிதக்கும், ஆள் ஒருபுறம். வார்களை இறுக்கியபின் தோழன் ஒருவன் தோள்வாரைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். அங்கி காதுவரை ஏறினால் அது உங்கள் அளவன்று. அடுத்த தோணிப் பயணத்துக்கு முன் சங்கம் பத்து அங்கிகளாவது வாங்க வேண்டும் என்று கேட்கிறோம். பொருளாளர் அவர்கள் இப்போதே கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.