கிழநாயின் வறண்ட சருமம்



பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மக்காச்சோளக் கொல்லையைப் பன்றியினின்றும், ஆட்டுப்பட்டியைத் திருட்டினின்றும் இரவெல்லாம் காத்து வருவது நாய் என்பதை யாவரும் அறிவர். அதற்கு எட்டொன்பது வயதாகி, மயிர் மங்கி, முதுகில் வெண்செதில் கண்டவுடனே, "சொறி பிடித்துவிட்டது" என்று சொல்லித் திண்ணையை விட்டு விரட்டிவிடுகிறார்கள். கிழமாட்டிற்காவது கொட்டகையில் ஓர் இடமுண்டு. பல சமயங்களில் அந்நாய்க்கு வந்திருப்பது சொறியே அன்று. முதுமையால் உண்டான வறட்சிதான்.

தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் வயது ஏற ஏறத் தளர்ந்துபோகின்றன. மூட்டுவலியால் நாய் உடம்பை வளைத்து நக்கிச் சுத்தம் செய்துகொள்வதும் குறைகிறது. ஆகவே பின்முதுகில் தவிடுபோல் செதில் உதிரும். சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்து வெடிக்கும். இத்தகைய வறட்சியில் அரிப்புக் கொஞ்சமே. இரவு பகல் ஓயாமல் சொறிந்து, காதோரமும் முழங்கையும் மயிரிழந்து சிவந்தால் அது சிற்றுண்ணியால் வரும் சொறி, வீட்டாருக்கும் தொற்றக்கூடும். வட்டவட்டமாய் மயிர் கொட்டினால் படர்தாமரையோ என்று ஐயுற வேண்டும். தீனி மிகாமலே உடம்பு பருத்து, இரு விலாவிலும் ஒன்றுபோல் மயிர் உதிர்ந்து, நாய் எந்நேரமும் சோர்ந்து கிடந்தால் தைராய்டுச் சுரப்பியின் குறை இருக்கலாம். அதை இரத்தப் பரிசோதனையால் அறிந்து மாத்திரையால் அடக்கலாம். ஆதலால் முதலில் கால்நடை மருந்தகத்தில் காட்டுவதே முறை. பால் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பசுவைப் பார்க்க வைத்தியர் வரும் ஊர்களில், அன்றே நாயையும் காட்டினால் தனிச் செலவு குறையும்.

இதைச் செய்யாமல், பருத்திக்கு வாங்கிய பூச்சிமருந்தை நாயின்மேல் தெளிப்பதும், மண்ணெண்ணெயோ என்ஜினின் கழிவெண்ணெயோ பூசுவதும் பெருங்கேடு. விஷம் தோல்வழியே உள்ளிறங்குவதோடு, நாய் தன்னை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகிறது. வாயில் நீர் வடிந்து உடல் நடுங்கினால், கையுறையிட்டு நிறைய நீரில் கழுவி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். வேப்பெண்ணெயைக்கூடக் கலப்பில்லாமல் தடவலாகாது.

வறட்சிக்குச் செய்யவேண்டியது சொற்பமே. அடிக்கடி குளிப்பாட்டினால் இருக்கிற எண்ணெயும் போய்விடும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீர் போதும். மனிதர் தோல் புளிப்புத்தன்மை உடையது. நாயின் தோலோ அவ்வளவு புளிப்பில்லாதது. ஆகையால் நம்முடைய சவுக்காரம் அதற்கு ஏற்றதன்று. சலவைச் சவுக்காரத்தைப்பற்றிச் சொல்லவே வேண்டாம். நாய்க்கென்றே விற்கும் ஷாம்பு இல்லாவிடில், ஓட்ஸை மாவாக அரைத்து நீரில் கரைத்துப் பத்து நிமிஷம் உடம்பில் ஊறவிட்டு அலசலாம். நாள்தோறும் மெல்லச் சீவிவிட்டால் செதில் நீங்கி, உள்ள எண்ணெய் மயிரெங்கும் பரவும். வெடித்த முழங்கைக்குத் தேங்காயெண்ணெய் ஒரு துளி. அதிகமானால் நாய் நக்கிக் கழிச்சல் காணும்.

பெரிய குறை உண்மையில் தீனியில்தான் இருக்கிறது. கூழும் மிச்சச் சோறும் மட்டுமே தின்னும் நாய்க்குப் புரதமும் கொழுப்பும் போதா. வேகவைத்து முள் நீக்கிய மத்தி மீனோ, அவித்த முட்டையோ வாரம் சிலமுறை கொடுத்தால் நலம். கருவாடு உப்பு மிக்கதாதலால் வேண்டாம். பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் மிகுதியாய் விளைகிறது. அது சேர்ந்த சாம்பார்ச் சோற்றையே நாய்க்கும் ஊற்றுகிறார்கள். வெங்காயம் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை அழிப்பதாகும். வெந்தாலும் அக்குணம் மாறாது.

தீனியை மாற்றியபின் மயிரில் பலன் தெரிய ஆறு அல்லது எட்டு வாரம் செல்லும். அதுவரையில் இரண்டு சாக்குகளை மடித்து நிழலான மூலையில் போட்டு, நாயை அதன்மேல் படுக்கப் பழக்கலாம். சாக்கை வாரந்தோறும் வெயிலில் உலர்த்த வேண்டும்.