மணி அடித்தும் வராதவர் யார்?

இங்கிலாந்து நாட்டு ஸ்டாஃபோர்டு நகரின் மருத்துவமனை பற்றி உங்களிடம் பேச விழைகிறேன். தொலைதூரத்து ஊர்தான். எனினும், ஆட்சியினரைக் கேள்வி கேட்பது எப்படி, அக்கேள்வியை அவர்கள் தட்டிக்கழிப்பது எப்படி என்பதனை அறிய விரும்புவோர்க்கு அங்கே பாடம் இருக்கிறது.

1948 ஜூலை 5 இல், அனூரின் பெவன் அமைச்சராயிருந்த நாளில், ஏழை பணக்காரர் எனும் பேதமற்ற பொது மருத்துவ ஏற்பாடு அந்நாட்டில் பிறந்தது. சிறந்த ஏற்பாடு, ஐயமில்லை. அதன் நிழலிலேதான், 2005 க்கும் 2009 க்கும் இடையே, தாகத்தால் தவித்த நோயாளிகள் பூச்சாடித் தண்ணீரைக் குடித்தனர் என்றால் நம்புவீர்களா? மணி அடித்தனர், வருவாரில்லை. உணவு வந்தது, கைக்கெட்டாத இடத்தில் வைக்கப்பட்டது. அவசரச் சிகிச்சைப் பிரிவிலே, வந்தவரின் நிலை எத்தகையது என்று முதலிற் பார்த்தவர் மருத்துவருமல்ல, தாதியுமல்ல — வரவேற்பு மேசையில் பெயர் எழுதுபவர்! இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகள் இருந்தன. இயக்கத் தாதியர்க்குப் பயிற்சி இல்லாமையால் அணைத்து வைக்கப்பட்டிருந்தன.

தாதியரின் கல்நெஞ்சமா காரணம்? அத்தகையோர் சிலர் இருந்திருக்கலாம். ஆனால், கணக்கேட்டைப் புரட்டுங்கள்! 2006-07 இல் ஒரு கோடி பவுன் மிச்சம்பிடிப்பது என்று நிர்வாகம் முடிவு கட்டிற்று. அதிலே பத்து இலட்சம், உபரி காட்டுவதற்காம்! 150 க்கு மேற்பட்ட பணியிடங்கள் ஒழிந்தன. ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ எனும் தன்னாட்சித் தகுதி நாடுவோர், வரவு செலவை அழகுறக் காட்டியாக வேண்டுமல்லவா? 2008 பிப்ரவரியில் தகுதி கிட்டிற்று. மார்ச்சு மாதமே, அம்மருத்துவமனையின் சாவுக் கணக்கைக் கண்ட கண்காணிப்பு ஆணையம் விசாரணையைத் தொடங்கிற்று! மாலை சூட்டியதும் அரசின் அமைப்பு, குற்றம் துருவியதும் அரசின் அமைப்பு. ஒன்று கண்டதை மற்றொன்று அறியவில்லை.

சிற்றுண்டிக் கடை நடத்திய ஜூலி பெய்லி என்னும் மாது, 2007 இல் அம்மருத்துவமனையில் தாயைப் பறிகொடுத்தவர். துயருற்ற குடும்பங்களைத் திரட்டினார். பொது விசாரணை கேட்டார். தொழிற்கட்சி அரசு, மூடிய கதவுக்குள் ஒரு விசாரணை தந்தது. 2010 இல் ஆட்சி மாறிய பிறகே கதவு திறந்தது. ராபர்ட் பிரான்சிஸ் 139 நாட்கள் சாட்சியம் கேட்டார். 2013 பிப்ரவரி 6 இல் 290 பரிந்துரைகளை அளித்தார். பிரதமர் காமரான் அன்றே மன்னிப்புக் கோரினார்.

மன்னிப்பு எளிது, தோழர்களே! எண்ணிக்கைதான் கடினம். பகல் நேரத்தில் ஒரு தாதியின் பொறுப்பில் எட்டு நோயாளிகளுக்கு மேற்பட்டால் தீங்கு நேரக்கூடும் என, ‘நைஸ்’ எனும் அரசு நிறுவனம் 2014 ஜூலையில் எச்சரித்தது. பிற பிரிவுகளுக்கும் இவ்விதமே வழிகாட்டி வகுக்கப் புகுந்தது. 2015 ஜூனில் அப்பணி நிறுத்தப்பட்டது! மன்னிப்புக் கேட்ட அதே பிரதமரின் ஆட்சியில். வேல்ஸ் நாடோ, 2016 இல் தாதியர் எண்ணிக்கைக்கெனச் சட்டமே செய்தது; ஸ்காட்லாந்து 2019 இல் செய்தது. ஆகாத காரியம் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மருத்துவமனை பற்றி ஓர் அமைச்சர் பேச வரும்போது, எத்தனை கோடி ஒதுக்கினீர் என்று மட்டும் கேட்டு அமராதீர்கள். இரவுப் பணியில் ஒரு தாதிக்கு எத்தனை கட்டில்? அக்கணக்கிற் கையெழுத்திட்டவர் யார்? குறைந்தபோது எவரிடம் தெரிவிக்கப்பட்டது? — இவற்றைக் கேளுங்கள். கேட்டால், ‘மருத்துவமனையை இழிவுபடுத்துகிறான்’ என்பர். மக்களையே உங்கள்மீது ஏவி விடவும் கூடும்.

ஜூலி பெய்லிக்கு அதுதான் நேர்ந்தது. அவரது கிளர்ச்சியால் மருத்துவமனையே மூடப்பட்டுவிடும் என்று அஞ்சிய ஊரார் சிலர் அவரை வெறுத்தனர். தாயின் கல்லறையும் சிதைக்கப்பட்டது. 2013 இல் அவர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஆனால், அந்த அவசரச் சிகிச்சைப் பிரிவை 2011 டிசம்பர் முதல் இரவிலே பூட்டியது அவரல்ல. போதிய மருத்துவர் இல்லை என்று நிர்வாகமே பூட்டிற்று.