நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவே



மாற்றுத்திறனாளிக்கு அரசு வழங்கும் உதவி கருணையா, கடமையா என்பது 2016-ஆம் ஆண்டிலேயே தீர்ந்துபோன வழக்கு. அந்த ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருந்த 7 வகைக் குறைபாடுகளை 21 வகையாக விரித்தது. மருத்துவச் சான்றின்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புடையவரைத் தனி ஒதுக்கீட்டுக்கு உரியவர் என வரையறுத்தது. பிறருக்கான அதே வகைத் திட்டத்தைவிட அவருக்கான உதவித்தொகை குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்கவேண்டும் என்று 24-ஆம் பிரிவில் எழுதியும் வைத்தது.

சட்டம் 40-இல் கோடு கிழித்தது. ஒன்றிய அரசின் கருவூலமோ 80-இல் பூட்டுப் போட்டது. தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழ் வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவராகவும் 80 விழுக்காடு பாதிப்புடையவராகவும் உள்ள ஒருவருக்கே உரியது என்பதால், 79 விழுக்காடு பாதிப்புள்ளவர் அந்தத் திட்டத்தின் கண்ணுக்கு முழு உடல்நலம் பெற்றவராகிவிடுகிறார். பூட்டைத் திறந்து உள்ளே போனவருக்கும் 80 வயதுவரை கிடைப்பது மாதம் 300 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 10 ரூபாய்; 2012-இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை அது.

தமிழ்நாடு அரசு இதைவிடக் கூடுதலாகத் தருகிறது என்பதை இந்த மேடை மறுக்கவில்லை. வருவாய்த் துறை வழியாக வரும் ஓய்வூதியம் 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது; கடும் பாதிப்புடையோர், அறிவுசார் குறைபாடுடையோர் முதலிய பிரிவினருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகையும் 2,000 ரூபாயாகியுள்ளது. ஆனால் அண்டை மாநிலமான ஆந்திரம் 2024-இல் 6,000 ரூபாய்க்குப் போய்விட்ட பிறகு, நிதி இல்லை என்ற விடை இங்கே எடுபடாது. தொகையைவிடப் பெரிய தடை வேறொன்றும் உண்டு: ஓர் உதவிக்கு வட்டாட்சியர் அலுவலகம், இன்னோர் உதவிக்கு மாவட்ட நல அலுவலகம், சான்றுக்கு மருத்துவக் குழு என மூன்று வாசல்கள் இருக்க, எந்த வாசல் தனக்குரியது என்று கண்டறியும் பொறுப்பு நடக்க இயலாதவர் தலையிலேயே சுமத்தப்பட்டுள்ளது.

நம் பெருமாநல்லூரிலிருந்து பல்லடம் சாலையிலுள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்பவர் திருப்பூர் நகரையே ஊடறுத்துப் போகவேண்டும். அவருக்கும் துணைக்கு வருபவருக்கும் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பேருந்தின் உயரமான படியில் சக்கர நாற்காலி ஏறாது. துணைக்கு வரும் தாய் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் என்றால், அன்றைய ஷிப்ட் போனால் கூலியும் போயிற்று. அவர்கள் போய்ச் சேரும் அலுவலகம் உட்பட, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தும் 5 ஆண்டுக்குள் தடையற்றவையாக மாறவேண்டும் என்று சட்டம் விதித்த கெடு 2022 ஜூன் மாதமே முடிந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

போலிகள் புகுந்துவிடுவார்கள் என்பதே இத்தனை சான்றுகளுக்கும் காரணம் என்று நிர்வாகம் வாதிடக்கூடும். நாடெங்கும் செல்லத்தக்க ஒரே அடையாளமாக யு.டி.ஐ.டி. அட்டையை அரசே வகுத்த பிறகு, ஒவ்வொரு திட்டத்துக்கும் அதே உடலை மறுபடி மெய்ப்பிக்கச் சொல்வது போலியைத் தடுக்காது; உண்மையானவரைச் சோர்ந்து திரும்ப வைக்கும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து இந்த மண்ணின் பின்னலாடைக்கு உழைப்பவரிடம் அந்த அட்டை இருந்தாலும், மாநில உதவித்தொகை மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது; எந்திரத்தில் விரலை இழந்தவருக்கு நிரந்தர ஊனப் பலன் தரும் இ.எஸ்.ஐ. திட்டமும், கம்பெனிப் பதிவேட்டில் ஏறாத பெயரை எளிதில் ஏற்பதில்லை.

எண்ணிக்கையிலும் இதே மறைப்பு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடிப் பேரை, அதாவது 2.21 விழுக்காட்டினரை மட்டுமே மாற்றுத்திறனாளிகள் எனக் கண்டது. உலக மக்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவு குறைபாட்டோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கணக்கில் வராதவருக்கு நிதியும் ஒதுக்கப்படுவதில்லை.

சேவை மக்களைத் தேடி வரவேண்டும் என்பதை உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தின் வழியே மாநில அரசே ஏற்றிருக்கிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025-இல் சட்டமும் இயற்றியிருக்கிறது. ஏற்ற கொள்கை ஊருக்கு வந்து சேரவேண்டும் என்பதே இந்த மேடையின் கோரிக்கை. மருத்துவக் குழுவும், வருவாய்த் துறையும், நலத் துறையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் அமரும் முகாம் பெருமாநல்லூரில் குறித்த கால இடைவெளியில் நடக்கவேண்டும், யு.டி.ஐ.டி. அட்டை ஒன்றே போதிய சான்றாகவேண்டும். மறுக்கப்படும் ஒவ்வொரு மனுவுக்கும் காரணம் எழுத்தில் தரப்படவேண்டும். ஒன்றிய அரசு 80-ஐ 40 ஆக்கி, 300 ரூபாயைத் திருத்தவேண்டும்.

1970 ஜூன் 19 அன்று, மின்கட்டணத்தில் ஒரு பைசா உயர்வை எதிர்த்த உழவர்கள் மூவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஊர் இது. ஒரு பைசாவையும் உரிமைக் கணக்கில் வைத்து வாதாடிய ஊர், தன் மக்களுக்குச் சட்டம் எழுதிவைத்த உரிமையைச் சலுகையென்று கெஞ்சிக் கேட்கத் தேவையில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்ற, ஊரார் அனைவரும் திரண்டு வாருங்கள்!